பாடம் நடத்தியவர் பேசுகிறார், படித்தவர்கள் பேசுவதில்லை: அன்னா கதையின் நோக்குநிலை



நோக்குநிலை பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் எழுதும் விடை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ‘இக்கதை தன்மை நோக்குநிலையில் அமைந்துள்ளது.’ சரி, அமைந்துள்ளது. அதனால என்ன? அந்த ‘அதனால என்ன’ என்பதற்குப் பதில் எழுதும் மாணவர்தான் திறனாய்வுக்குள் நுழைகிறார். யார் கதையைச் சொல்கிறாரோ அவருக்குச் சாதகமாக எது பெரிதாகிறது, எது காணாமல் போகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இதைப் பழக ஒரு நல்ல கதை இருக்கு. வெளிநாட்டுக்குப் போய்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியையின் கதை. அன்னா லியோனோவன்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தை, அல்லது அதில் மொட்டைத் தலையோடு வரும் யூல் பிரின்னரை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். (சயாம் என்றதும் நம்மவர்களுக்கு மரண இரயில் பாதைதான் முதலில் நினைவுக்கு வரும். இது அதற்கு 80 ஆண்டுகள் முந்திய சயாம்.)

ஏன் இந்தக் கதை? ‘தன்னார்வத் தொண்டு’ என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்க. பத்தில் ஏழு கட்டுரை ஒரே அச்சில் வரும். பல்கலைக்கழக விடுமுறையில் கதாநாயகி கம்போடியாவுக்கோ நேப்பாளத்துக்கோ போகிறாள். சேற்றுப் பாதை. கிழிந்த சீருடையில் பெண்பிள்ளைகள். ‘அவர்கள் கண்களில் ஒளி தெரிந்தது.’ ஆங்கில எழுத்துகள், ஒரு பாட்டு, கடைசி நாளில் எல்லாரும் அழுகை. விமானத்தில் ஏறும்போது ‘நான்தான் அவர்களிடம் கற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி. மொழிநடை சில கட்டுரைகளில் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூடப் பெயர் இருக்காது. ஒருத்திகூட ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க மாட்டாள். இந்த அச்சை நம் பிள்ளைகள் தாங்களாக உருவாக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தேடினால், தேடல் நம் பினாங்கு, சிங்கப்பூர் வழியாகத்தான் போகிறது.

முதலில் உண்மை விவரம். அன்னா 1862ஆம் ஆண்டு மார்ச் மாதம் தம் மகன் லூயியுடன் சிங்கப்பூரிலிருந்து பேங்காக் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் சிங்கப்பூரில் சிறு பள்ளி ஒன்றை நடத்திப் பார்த்தார், வருமானம் போதவில்லை. சயாம் மன்னர் மோங்குட் தம் அரண்மனைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியை தேடியபோது அன்னாவின் பெயர் மன்னரிடம் போய்ச் சேர உதவியவர் சிங்கப்பூரில் சயாமின் தூதராக இருந்த டான் கிம் சிங், டான் டோக் செங் மருத்துவமனை யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய மகன். அன்னா போனது தொண்டூழியத்துக்கு அல்ல, சம்பளத்துக்குத்தான். கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1867 வரை அங்கே இருந்தார். பிறகு இரண்டு நூல்கள் எழுதினார்: 1870இல் ‘தி இங்லிஷ் கவர்னஸ் அட் தி சயாமீஸ் கோர்ட்’, 1873இல் ‘தி ரொமான்ஸ் ஆஃப் தி ஹேரம்’.

இந்த இரண்டு நூல்களையும் எடுத்துச் சேர்த்துப் பின்னியவர் மார்கரெட் லேண்டன். இவரைப் பற்றி வகுப்பில் யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். இவர் 1927 முதல் பத்தாண்டுகள் கிறிஸ்துவத் தொண்டராகச் சயாமில் இருந்தவர். டிராங் நகரில் மிஷன் பள்ளி நடத்தியவர். அதாவது, தொண்டு செய்யப் போன ஓர் ஆசிரியை, தமக்கு முன் போன ஆசிரியையின் கதையை எழுதுகிறார். 1944இல் வந்த ‘அன்னா அண்ட் தி கிங் ஆஃப் சயாம்’ அப்படிப் பிறந்த நூல். முக்கால் பங்கு உண்மை, கால் பங்கு உண்மையை ஒட்டிய கற்பனை என்று லேண்டனே கணக்குச் சொன்னார். அந்த நூலிலிருந்து 1946இல் ஒரு படம், 1951இல் இசைநாடகம், 1956இல் புகழ்பெற்ற படம், 1999இல் ஜோடி ஃபாஸ்டரும் சௌ யுன் ஃபாட்டும் நடித்த ‘அன்னா அண்ட் தி கிங்’. கடைசிப் படத்துக்குத் தாய்லாந்தில் அனுமதி கிடைக்கவில்லை. எனவே பினாங்கிலும் ஈப்போவிலும் லங்காவியிலும் எடுத்தார்கள். பேராக் ஆசிரியர்கள் சிலருக்கு ஈப்போவில் எழுந்த அந்த அட்டை அரண்மனை இன்னும் நினைவிருக்கும்.

இப்போது 1956ஆம் ஆண்டுப் படத்தின் வகுப்பறைக் காட்சியைப் பாருங்க. சுவரில் ஒரு பழைய வரைபடம். அதில் சயாம் மிகப் பெரிதாக இருக்கிறது. அன்னா புதிய வரைபடத்தைத் தொங்கவிடுகிறார்; சயாம் சின்னதாகிவிடுகிறது. பிள்ளைகள் அதிர்ச்சி அடைகிறார்கள். பிறகு பனி பற்றிப் பேச்சு வருகிறது. பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். நகைச்சுவையாக, அழகாக எடுக்கப்பட்ட காட்சிதான். ஆனால் கேமரா எங்கே நிற்கிறது? ஆசிரியைக்குப் பக்கத்தில். பிள்ளைகள் ஒரு கூட்டமாக வியக்கிறார்கள், ஒரு கூட்டமாகச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் கதை கொஞ்சம் இடறும். அவர்களின் தந்தை மோங்குட், அரியணை ஏறுமுன் 27 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். பாலி மொழியில் வல்லவர். கத்தோலிக்க ஆயர் ஒருவரிடம் லத்தீனும் அமெரிக்க மிஷனரி ஒருவரிடம் ஆங்கிலமும் கற்றவர். வானியலில் ஆழ்ந்த ஈடுபாடு. 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம் எங்கே தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, ஐரோப்பியர்களையும் அழைத்துப் போய்க் காட்டினார். அந்தப் பயணத்தில் வந்த காய்ச்சலில்தான் அக்டோபரில் இறந்தார். பூமியின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டுப் பிள்ளைகள் கப்பலில் வரும் ஆசிரியைக்காகக் காத்திருந்தார்கள் என்று நம்புவது கஷ்டம்.

அரண்மனைப் பெண்களுக்கும் அன்னா முதல் ஆசிரியை அல்ல. 1851இலேயே, மன்னரின் அழைப்பின்பேரில், அமெரிக்க மிஷனரிகளின் மனைவிமார் மூவர் முறைவைத்து உள்ளே போய் ஆங்கிலம் நடத்தினார்கள். ஆங்கிலத்தோடு பைபிளும் சேர்ந்து வந்தது; சில ஆண்டுகளில் வகுப்பு நின்றுபோனது. இதனால்தான் மன்னர் அன்னாவுக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கில மொழியும் அறிவியலும் இலக்கியமும் போதும், மதமாற்றம் வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னார். தொண்டாக வரும் பாடத்தோடு வேறு ஏதாவது சேர்ந்து வருகிறதா என்று கேட்கும் உரிமை கற்பவர் பக்கம் இருந்தது என்பதை இந்த ஒரு கடிதம் காட்டுகிறது. படங்களில் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. மன்னர் அறியாதவராக இருந்தால்தான் ஆசிரியை ஒளி கொண்டுவர முடியும்.

என்னை இந்தக் கதையில் அதிகம் உறுத்துவது மன்னரின் சித்திரம்கூட அல்ல. அதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. பிற்காலத்தில் தாய்லாந்துப் பிரதமர்களாக இருந்த சேனி பிரமோஜ், குக்ரித் பிரமோஜ் சகோதரர்கள் 1948இல் மோங்குட்டின் எழுத்துகளைத் தொகுத்து ஒரு மறுப்பே எழுதினார்கள். ஆனால் மறுத்தவர்களும் மன்னருக்காகத்தான் பேசினார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்களுக்காக யார் பேசினார்கள்?

அந்த வகுப்பில் சோன் கிளின் என்று ஒருவர் இருந்தார். மன்னரின் துணைவியரில் ஒருவர், மோன் இனத்தவர், ஒரு மகனுக்குத் தாய். பெயருக்கு ‘மறைந்திருக்கும் நறுமணம்’ என்று அன்னா பொருள் சொல்கிறார். அன்னாவின் நூல்படி, இவர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலைத் திரும்பத் திரும்பப் படித்தார். அமெரிக்கக் கறுப்பின அடிமைகளைப் பற்றிய அந்த 1852ஆம் ஆண்டு நாவல் அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. கடிதங்களில் தம் பெயரோடு ஸ்டோவின் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். 1867 ஜனவரி 3ஆம் நாள், தம்மிடம் அடிமைகளாக இருந்த 132 பேரை விடுவித்தார். இனி வேலை செய்பவர்களுக்குக் கூலி உண்டு என்றார்.

இந்த எண்ணும் தேதியும் அன்னா தரும் கணக்கு. அன்னா பல இடங்களில் மிகைப்படுத்தியவர் என்பதால் நாமும் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கவனிங்க: அன்னாவே சொல்லும் கதையில்கூட, ஆங்கில வகுப்பின் மிகப் பெரிய விளைவு ஆசிரியை செய்த காரியம் அல்ல, மாணவி செய்த காரியம். ஒரு நாவலை வாசித்து, அதைத் தன் வீட்டுக்குள் பொருத்திப் பார்த்து, தனக்கே நட்டம் வரும் முடிவை எடுத்த ஒரு வாசகி. இலக்கியம் நடத்தும் நமக்கு இதைவிடப் பெரிய மாணவி கிடைப்பாரா?

படத்தில் இவர் என்ன ஆனார்? காணோம். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ மட்டும் மிஞ்சியது. அது துப்திம் என்ற இளம்பெண்ணின் கைக்குப் போய்விட்டது. பர்மாவிலிருந்து மன்னருக்குப் பரிசாக அனுப்பப்பட்டவள், வேறொருவனைக் காதலிப்பவள். அன்னாவிடம் அந்த நாவலை வாங்கிப் படித்து, விருந்தினர் முன் அதை நாடகமாக்குகிறாள். படத்தில் ஒரு மாணவி தானாக ஒன்றை உருவாக்கும் ஒரே இடம் அது. அந்தக் காட்சி அற்புதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவள் பேசும் ஆங்கிலம் சிரிப்பு வருமாறு உடைக்கப்பட்டிருக்கிறது. நாடகம் முடிந்ததும் அவள் ஓடுகிறாள், பிடிபடுகிறாள், அழுகிறாள். அடிமைகளை விடுவித்த ஒரு தாய், காப்பாற்றப்பட வேண்டிய ஒரு காதலியாக மாறிவிட்டார். காப்பாற்ற வேண்டியவர் யார்? ஆசிரியை. இந்த ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்து எழுதினால் பாத்திரப்படைப்பு, நோக்குநிலை இரண்டையும் ஒரே பத்தியில் விளக்கிவிடலாம்.

துப்திம் கதைக்கும் மூலம் அன்னாவின் இரண்டாம் நூல்தான். அதில் வரும் கொடுந்தண்டனைகளை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. முதல் நூலில் வரும் பாதாளச் சிறை பற்றி, தோண்டினால் தண்ணீர் ஊறும் பேங்காக் மண்ணில் அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

முடிவுக் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். மன்னர் மரணப் படுக்கையில், அன்னா அருகில், இளவரசன் சூலாலங்கோர்ன் ‘இனி யாரும் தரையில் விழுந்து வணங்க வேண்டாம்’ என்று அறிவிக்கிறான். உண்மையில் மன்னர் இறப்பதற்கு ஓராண்டு முன்பே அன்னா சயாமை விட்டுப் போய்விட்டார். விழுந்து வணங்கும் முறையைச் சூலாலங்கோர்ன் நிறுத்தியது 1873இல். அடிமை முறையை 1874இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து 1905இல் முழுவதுமாக ஒழித்தார். முப்பது ஆண்டு அரசியல் வேலை அது. அதையெல்லாம் சிறுவயதில் கேட்ட ஆங்கிலப் பாடத்தின் பலன் என்று காட்டிவிட்டால் சினிமாவுக்கு வசதி. 1999ஆம் ஆண்டுப் படம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது. அதில் அன்னா வழக்கின் நடுவே ஆவேசமாகத் தலையிட்டு, மன்னரை மனம் மாற்றுவேன் என்று எல்லார் முன்னும் சொல்லிவிடுகிறார். அதனாலேயே மன்னரால் துப்திமைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. வந்தவரின் நல்லெண்ணம் இருப்பவரின் உயிருக்கு உலை வைக்கலாம் என்பதை அந்தப் படம் ஒரு காட்சியிலாவது தொட்டது.

இனி அன்னாவின் பக்கம். இவரைப் பொய்க்காரி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாம் வேல்ஸில் பிறந்ததாகவும், கணவர் இராணுவ மேஜர் என்றும், சிங்கப்பூரில் புலி வேட்டைக்குப் பின் வெயில் தாக்கி இறந்ததாகவும் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். 1970களில் ஆய்வாளர் பிரிஸ்டோவ் பதிவேடுகளைத் தேடியபோது வேறு கதை வந்தது. அன்னா பிறந்தது 1831இல், இந்தியாவின் அகமத்நகரில். தாய்வழியில் இந்திய இரத்தம் கலந்திருந்தது என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. கணவர் தாமஸ் எழுத்தராக வேலை பார்த்தவர். கடைசியில் பினாங்கில் தங்கும்விடுதி நடத்திக்கொண்டிருந்தபோது 1859இல் இறந்தார். ஜார்ஜ் டவுனில், ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் உள்ள பழைய புராட்டஸ்டண்ட் கல்லறையில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. பினாங்கு ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டலாம்; நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது.

ஏன் மறைத்தார்? அந்தக் காலத்தில் இந்தியாவில் பிறந்த கலப்பினப் பெண்ணை ‘ஆங்கில ஆசிரியை’ என்று யார் ஏற்றிருப்பார்கள்? ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழிதான், ஆனால் தோலுக்கும் பிறந்த ஊருக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. இது 1862இல் முடிந்துபோன சங்கதி இல்லைங்க. இன்றும் வெளிநாட்டு மொழி நிலையங்களின் விளம்பரங்களில் ‘தாய்மொழியாளர் மட்டும்’ என்று போடுகிறார்கள். அதற்கு என்ன பொருள் என்பது விண்ணப்பத்தில் படம் ஒட்டும்போதுதான் தெரியும். என் முன்னாள் மாணவி ஒருத்தி, ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவள், அயல்நாட்டுப் பெண்கள் பள்ளி ஒன்றுக்குத் தொண்டூழிய ஆசிரியையாகப் போனாள். போன முதல் வாரத்திலேயே, ‘உண்மையான ஆங்கில டீச்சர் எப்போ வருவாங்க?’ என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்னாவின் பொய்யை நாம் இந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும். தம்மைப் பற்றிய உண்மையைச் சொல்ல முடியாத ஓர் ஆசிரியை, தம் மாணவிகளைப் பற்றி எழுதும்போது அவர்களைச் சிறியவர்களாகவும் தம்மைப் பெரியவராகவும் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அன்னாவை மன்னிக்க அல்ல, புரிந்துகொள்ள இதைச் சொல்கிறேன்.

ஒப்பீட்டுக்கு ஒருவரைச் சொல்ல வேண்டும். நம் ஊரிலேயே இருக்கிறார். சோஃபியா பிளாக்மோர், ஆஸ்திரேலியாவிலிருந்து மெதடிஸ்ட் சபையின் தொண்டராக 1887இல் சிங்கப்பூர் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கினார். பள்ளியின் பெயர் என்ன தெரியுமா? தமிழ்ப் பெண்கள் பள்ளி. ஆம், இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அதுதான், ஒன்பது பிள்ளைகள். இவர் நோக்கத்திலும் மதம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் மலாய் கற்றுக்கொண்டார், வீடு வீடாகப் போனார், நாற்பது ஆண்டு இருந்தார். ஐந்தாண்டு இருந்துவிட்டுப் புத்தகம் எழுதியவருக்கும் இவருக்கும் வித்தியாசம் இருக்கு. அப்படியும் அந்த ஒன்பது தமிழ்ப் பெண்பிள்ளைகள் நமக்கு ஓர் எண்ணாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். நல்ல ஆசிரியையாக இருப்பது வேறு, மாணவியின் குரல் பதிவாவது வேறு.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டூழியம் பற்றிக் கட்டுரை எழுதாதீங்க என்று சொல்லவில்லை. போகவும் போங்க; போய் வந்த பிள்ளைகள் சிலர் பொறுப்பானவர்களாக மாறியதை நானே பார்த்திருக்கிறேன். எழுதும்போது மட்டும் சில விவரங்கள் கட்டுரைக்குள் வரட்டும். அந்தப் பெண்பிள்ளைக்கு வீட்டில் என்ன மொழி? ஆங்கிலம் வேண்டும் என்று கேட்டது அவளா, அவள் அப்பாவா, பள்ளியை நடத்தும் நிறுவனமா? நீங்கள் வருவதற்கு முந்திய வாரம் அவளுக்கு யார் பாடம் நடத்தினார்கள்? அந்த உள்ளூர் ஆசிரியை நீங்கள் இருந்த இரண்டு வாரமும் எங்கே உட்கார்ந்திருந்தார்? நீங்கள் கிளம்பிய மறுநாள் எந்தப் பாடத்திலிருந்து தொடங்கினார்? இவற்றுக்கு விடை தெரிந்து எழுதினால் ‘கண்களில் ஒளி’ தேவைப்படாது.

ஆசிரியர்களுக்கு: 1956ஆம் ஆண்டுப் படத்தின் வகுப்பறைக் காட்சியையும் துப்திமின் நாடகக் காட்சியையும் மட்டும் போட்டுக் காட்டினால் ஒரு பாடவேளைக்குப் போதும். முழுப் படமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், வேண்டாம். (பாட்டு வரும்போது பிள்ளைகளிடம் சொல்லலாம்: அன்னாவாக நடித்தவர் டெபோரா கெர், பாடும் குரல் பெரும்பாலும் மார்னி நிக்சனுடையது. ஆசிரியைக்கே இரவல் குரல்!) பிறகு சோன் கிளின் பற்றிய பத்தியை வாசிக்கக் கொடுங்கள். வேலை இதுதான்: 1867 ஜனவரி 3ஆம் நாள் இரவு, சோன் கிளின் தம் நாட்குறிப்பை எழுதுகிறார். தன்மை நோக்குநிலையில், ஒரு பக்கம். அன்னாவின் பெயர் அதிகபட்சம் ஒரு முறைதான் வரலாம். விடுவிக்கப்பட்ட 132 பேரில் ஒருவராவது பேச வேண்டும்.